ஃபேன்டஸி ஃபுட்பால்: சீசனுக்கு முன் வீரரையும் ட்ரேடையும் எடைபோடுவது எப்படி?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அலுவலகத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "லீக்ல ஒரு ஆள் குறையுது, சேர்ந்துக்கிறீங்களா?" நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களைச் சேர்த்து நமக்கென ஒரு கற்பனை அணி வைத்துக்கொண்டு, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப பாயின்ட் எடுக்கும் விளையாட்டு இது. நானும் அப்படித்தான் சிக்கினேன். முதல் வருடம் டிராஃப்டில், அதாவது ஆளாளுக்கு முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, டிவி விளம்பரத்தில் முகம் பார்த்தவர்களையெல்லாம் எடுத்தேன். 12 பேரில் 11-வது இடம். 12-வது இடத்துக்காரர் அக்டோபரிலேயே ஆப்பைத் திறப்பதை விட்டிருந்தார்.

வீரர் எவ்வளவு நல்லவர் என்று மட்டும் பார்த்தேன். அவர் இல்லையென்றால் அந்த இடத்துக்கு யார் கிடைப்பார் என்று பார்க்கவே இல்லை. டிராஃப்ட், ட்ரேட் (லீக்கில் இன்னொருவரோடு வீரர்களை மாற்றிக்கொள்வது) இரண்டுமே இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட அறிமுகம். என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் போட்டியில் 32 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 17 ஆட்டங்கள், 18 வாரங்கள். உங்கள் லீக்கில் 10 அல்லது 12 பேர் இருப்பீர்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி, ஒரு வீரரை ஒருவர் எடுத்துவிட்டால் அந்த லீக்கில் அவர் வேறு யாருக்கும் இல்லை. வழக்கமான அமைப்பில் வாரா வாரம் நீங்கள் இறக்குவது: ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (வீசுவதைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (பிடிக்கவும் செய்வார், எதிரணியைத் தடுக்கவும் செய்வார்), ஃப்ளெக்ஸ் என்ற பொது இடத்தில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் என யாராவது ஒருவர், ஒரு கிக்கர் (பந்தை உதைப்பவர்), ஒரு டிஃபென்ஸ் (ஓர் அணியின் தடுப்பாட்டக் குழு முழுவதும்). மிச்சம் பேர் பெஞ்சில். யாரும் எடுக்காதவர்கள் வெய்வரில் சும்மா கிடப்பார்கள். அந்தச் சும்மா கிடப்பவர்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவார்கள்.

படி 1: பாயின்ட் விதியைப் படியுங்கள்

யாரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், உங்கள் லீக்கின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்காமல் காதில் வாங்காதீர்கள். பொதுவாக ஓடியோ பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு 1 பாயின்ட், டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 6. குவார்ட்டர்பேக் வீசும் 25 யார்டுக்கு 1, வீசும் டச்டவுனுக்கு 4. இன்டர்செப்ஷனுக்கு, அதாவது அவர் வீசியதை எதிரணி பிடித்துவிட்டால், சில லீக்கில் 1 கழியும், சிலதில் 2. இவை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய வித்தியாசம் பிபிஆரில் வருகிறது: பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் தனியாக 1 பாயின்ட் தரும் முறை. சில லீக்கில் அரை, சிலதில் ஒன்றுமே கிடையாது.

அது என்ன பெரிய வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். 2024 சீசனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சின்சினாட்டியின் ரிசீவர் ஜமார் சேஸ் 127 பந்துகள் பிடித்தார், 1,708 யார்டு, 17 டச்டவுன். பால்டிமோரின் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 1,921 யார்டு ஓடினார், 16 டச்டவுன். பிடித்தது 19 பந்துகள்தான், அதில் 193 யார்டு, 2 டச்டவுன். பந்தை நழுவவிட்டதற்கான கழிவு மாதிரிச் சில்லறைகளை விட்டுவிடுகிறேன்.

பிபிஆர் இல்லாத லீக்கில் சேஸுக்கு 170.8 + 102 = 272.8. ஹென்றிக்கு 192.1 + 19.3 + 108 = 319.4. ஹென்றி 46 பாயின்ட்டுக்கு மேல் முன்னால் நிற்கிறார்.

முழு பிபிஆரில் சேஸுக்கு 127 சேர்கிறது, 399.8. ஹென்றிக்கு 19 சேர்கிறது, 338.4. இப்போது சேஸ் 61 பாயின்ட் முன்னால்.

அதே இரண்டு பேர், அதே ஆட்டங்கள். விதி ஒரு வரி மாறியதும் வரிசை தலைகீழாகிவிட்டது. ஆகவே நண்பர் அனுப்பும் தரவரிசைப் பட்டியல் எந்த விதிக்குப் போட்டது என்று கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

படி 2: போன வருட மொத்தத்தை உடைத்துப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது, போன வருடப் பாயின்ட் பட்டியலை மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டு எடுப்பது. அந்த மொத்தத்துக்குள் இரண்டு வகைச் சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, வாய்ப்பு: எத்தனை முறை பந்து அவரிடம் வந்தது. ரன்னிங் பேக் என்றால் எத்தனை ஓட்டம், ரிசீவர் என்றால் எத்தனை டார்கெட், அதாவது அவரை நோக்கி எத்தனை முறை வீசினார்கள். இது வருடத்துக்கு வருடம் ஓரளவு நிலைத்து நிற்கும். இன்னொன்று டச்டவுன். அது ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் காய்ந்து போகும்.

இதற்கு ஜமால் வில்லியம்ஸை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2022-ல் டெட்ராய்ட் லயன்ஸுக்காக 1,066 யார்டு ஓடி 17 டச்டவுன் போட்டார். அந்த வருடம் ஓட்டத்தில் அதிக டச்டவுன் அவர்தான். பெரும்பாலானவை கோட்டுக்குப் பக்கத்தில், ஓரிரு யார்டு தூரத்தில் தள்ளிக்கொண்டு விழுந்தவை. அதாவது மற்றவர்கள் பந்தை அங்கே வரை கொண்டுவந்தார்கள், கடைசித் தள்ளலுக்கு இவரைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸ் போனார். 306 யார்டு, ஓட்டத்தில் 1 டச்டவுன்.

அவர் காலி செய்த இடத்துக்கு டெட்ராய்டில் வந்த டேவிட் மாண்ட்கோமரிக்கு அதே 2023-ல் 13 டச்டவுன். டச்டவுன் வில்லியம்ஸின் பையில் இருந்ததைவிட அந்த நாற்காலியில்தான் அதிகம் இருந்தது. போன வருடம் டச்டவுன் குவித்த ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம், நாற்காலி இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: இந்த வருடம் என்ன மாறியிருக்கிறது?

ஒவ்வொரு வீரருக்கும் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். பந்தை வீசுபவர் மாறினாரா? அணி அல்லது பயிற்சியாளர் மாறினாரா? அவர் இடத்துக்குப் போட்டியாக யாராவது வந்தார்களா?

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் கூப்பர் கப் 2020-ல் 92 பந்துகள், 974 யார்டு, 3 டச்டவுன். சுமார்தான். 2021-க்கு முன் அந்த அணி ஜாரெட் காஃபைக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கியது. அந்த வருடம் கப் 145 பந்துகள், 1,947 யார்டு, 16 டச்டவுன். சேக்வான் பார்க்லியும் அப்படித்தான். 2023-ல் ஜயன்ட்ஸில் 962 யார்டு ஓடியவர், ஈகிள்ஸுக்குப் போய் 2024-ல் 2,005 யார்டு ஓடினார். முன்னால் நின்று வழி திறக்கும் ஆட்கள் மாறினால் ஓடுபவரின் தலையெழுத்தே மாறும்.

அப்புறம் காயம். பயிற்சி முகாம்கள் ஜூலைக் கடைசியில் தொடங்கும், ஆகஸ்டில் முன்னோட்ட ஆட்டங்கள் நடக்கும், மாதக் கடைசியில் அணியை 53 பேராகக் குறைப்பார்கள். உங்கள் லீக்கில் டிராஃப்ட் தேதி குறிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், அந்த 53 பேர் பட்டியல் வந்த பிறகு வையுங்கள். 2021-ல் பால்டிமோரின் ஜே.கே. டாபின்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது கடைசி முன்னோட்ட ஆட்டத்தில், ஆகஸ்ட் 28 அன்று. சீசன் முழுக்கப் போயிற்று. ஆகஸ்ட் நடுவில் டிராஃப்ட் முடித்து அவரை எடுத்தவர்கள் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் நல்ல தேர்வு ஒன்றை இழந்தார்கள். பட்டியலில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பியூபி (உடல்நிலையால் ஆட முடியாதவர்) என்று இருந்தால், சீசன் தொடங்கும்போதும் அது மாறாமல் இருந்தால், குறைந்தது முதல் 4 ஆட்டங்கள் அவர் இல்லை என்று அர்த்தம்.

"சின்ன வலிதான், முதல் ஆட்டத்துக்கு வந்துவிடுவார்" என்ற செய்தியைப் பற்றி என் சொந்த அனுபவம். 2024-ல் எனக்கு முதல் தேர்வு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. போன வருடம் 21 டச்டவுன் போட்டவர், யார்தான் விடுவார்கள்? ஆகஸ்ட் முழுக்கக் கெண்டைக்கால் வலி என்று செய்தி வந்துகொண்டே இருந்தது, நான் அசையவில்லை. செப்டம்பர் 9, திங்கள் இரவு, ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவர் ஆடவில்லை என்று அறிவித்தார்கள். அவருக்குப் பதில் வந்த ஜோர்டன் மேசன் அன்று 147 யார்டு ஓடினார். மேசன் எங்கள் லீக்கில் வெய்வரில் சும்மா கிடந்தவர். ஒரு கிக்கரை விட்டுவிட்டு எடுத்திருக்கலாம். மெக்காஃப்ரி அந்த சீசனில் ஆடியது மொத்தம் 4 ஆட்டங்கள். அதிலிருந்து முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கை, அதுவும் ஆகஸ்டில் நொண்டுபவரை எடுத்தால், கடைசிச் சுற்றில் அவருடைய மாற்று ஆளையும் எடுத்துவிடுகிறேன்.

படி 4: சும்மா கிடைப்பவரோடு ஒப்பிடுங்கள்

இதுதான் நடு முடிச்சு, மெதுவாகப் படியுங்கள். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

ஒரு குவார்ட்டர்பேக் வருடத்துக்கு 360 பாயின்ட் எடுப்பார், ஒரு ரன்னிங் பேக் 280 எடுப்பார் என்று வையுங்கள். யாரை முதலில் எடுப்பது? 360 பெரிதுதானே? பொறுங்கள். 12 பேர் லீக்கில் 12 குவார்ட்டர்பேக்தான் இறங்குவார்கள். 13-வது ஆள் பெரும்பாலும் வெய்வரில் கிடைப்பார், அவரும் 290 எடுப்பார். லாபம் 70. ரன்னிங் பேக்கிலோ இரண்டு இரண்டாக 24 பேர், ஃப்ளெக்ஸிலும் சிலர். 30-க்கு மேல் போனால் கிடைப்பவர் 150 எடுத்தாலே அதிகம். லாபம் 130. ஆகவே 280 எடுப்பவர்தான் உங்களுக்குப் பெரியவர்.

ஒரு தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் இந்த 'சும்மா ஆள்' யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீரரின் எதிர்பார்ப்பிலிருந்தும் அவர் எண்ணைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் வீரரின் விலை. கிக்கருக்குக் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் கிக்கரைக் கடைசிச் சுற்றில் எடுக்கிறார்கள். இரண்டு குவார்ட்டர்பேக் இறக்கும் லீக் என்றால் கதையே வேறு, 24 பேர் போய்விடுவார்கள், விலை ஏறிவிடும்.

படி 5: ஏடிபியைச் சந்தை விலையாகப் பாருங்கள்

சராசரியாக எத்தனையாவது தேர்வில் ஒருவர் போகிறார் என்பதே ஏடிபி. இஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் என்ற ஃபேன்டஸி ஆப்கள் மூன்றிலும் காட்டும். உங்கள் தாளில் 25-வது ஆளாக இருப்பவர் ஏடிபியில் 50 என்றால், அவரை 25-ல் எடுத்து ஏமாறாதீர்கள்; 40 சொச்சத்தில் எடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

படி 6: ட்ரேடை இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள்

டிராஃப்ட் முடிந்து முதல் ஆட்டத்துக்கு நடுவே உள்ள நாட்கள் ட்ரேடுக்கு நல்ல காலம். பட்டியல் கையில் வந்ததும்தான் அவரவர் ஓட்டை அவரவருக்குத் தெரியும்.

உங்களிடம் வாரம் 12 பாயின்ட் எடுக்கும் ரன்னிங் பேக்கும் 11 எடுக்கும் ரிசீவரும் இருக்கிறார்கள். எதிராளி, இருவரையும் கொடுத்தால் 17 எடுக்கும் ரிசீவரைத் தருகிறேன் என்கிறார். ஆன்லைனில் இருக்கும் ட்ரேட் கால்குலேட்டர்கள் பல, தருவதையும் வாங்குவதையும் கூட்டி, 23 கொடுத்து 17 வாங்குகிறாய் என்று சிவப்பு காட்டும். ஆனால் காலியாகும் இடத்தில் உங்கள் பெஞ்சில் இருக்கும் 9 பாயின்ட் ரன்னிங் பேக் இறங்குவார் இல்லையா? முன்பு அந்த இரண்டு இடத்தில் 23. இப்போது 17 + 9 = 26. வாரம் 3 லாபம், போதாததற்குப் பட்டியலில் ஓர் இடம் காலி, வெய்வரிலிருந்து ஒருவரை எடுத்துப் போடலாம்.

அவருக்கு? அவருடைய இரண்டாவது ரன்னிங் பேக் வாரம் 4 பாயின்ட் எடுக்கும் பாவப்பட்ட ஆள். 17 + 4 = 21 இருந்த இடத்தில் இப்போது 12 + 11 = 23. அவருக்கும் 2 லாபம். இரண்டு பேருக்கும் கூடுகிற ட்ரேடுதான் நடக்கும். உங்களுக்கு மட்டும் கூடுவதை அனுப்பினால் ஒருமுறை சிரிப்பார், அடுத்த முறை செய்தியையே திறக்க மாட்டார்.

உங்கள் பெஞ்சில் அந்த 9 இல்லை, 3 தான் இருக்கிறார் என்றால் 20 ஆகிவிடும். அதே ட்ரேட், அப்போது வேண்டாம். பேர் கேட்டு மயங்காமல் பெஞ்சைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பை வீக்கை, அதாவது வீரரின் அணிக்கு ஆட்டம் இல்லாத ஓய்வு வாரத்தை, பற்றிப் பலர் இப்போதே கவலைப்படுவார்கள். ஒரு வாரத்துக்காக 3 பாயின்ட் லாபத்தை விடாதீர்கள்.

படி 7: எப்படிக் கேட்பது?

வெறும் ஆஃபரை ஆப்பில் தட்டிவிட்டு உட்காராதீர்கள். முதலில் அவர் ஓட்டையைச் சொல்லுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "மச்சி, உன் ரெண்டாவது ரன்னிங் பேக் இடம் வீக்கா இருக்கே. எங்கிட்ட ஒருத்தன் உபரியா இருக்கான். உன் ரிசீவர்ல யாரைப் பத்திப் பேசலாம்?" மேலதிகாரி என்றால் மச்சியை எடுத்துவிடுங்கள். பேரை அவர் வாயால் சொல்ல விட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி.

"யோசிச்சு சொல்றேன்" என்றால் இரண்டு நாள் விடுங்கள். ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில லீக்கில் ட்ரேடை மற்றவர்கள் பரிசீலிக்க ஒன்றிரண்டு நாள் ஒதுக்குவார்கள், முதல் ஆட்டம் தொடங்கிவிட்டால் அதில் ஆடுபவர்கள் அந்த வாரத்துக்குப் பூட்டிக்கொள்வார்கள். முதல் ஆட்டம் வியாழக்கிழமை என்றால் பேச்சை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.