பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்வைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரைமஸ் 210, ஆப்டிமஸ் 00 போன்ற ஸ்வீடன் நாட்டு மண்ணெண்ணெய் அடுப்புகளைக் கால் கழற்றித் தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். மலையேறுபவர்கள் பல தலைமுறையாக நம்பிய அடுப்புகள் இவை. பழையது ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது பாலிஷ் டப்பாவைத்தான். ஆனால் இது காற்றழுத்தம் தாங்க வேண்டிய மெல்லிய தொட்டி. கசிவையும் விரிசலையும் பார்த்து முடித்த பிறகே பளபளப்பு.

அதிலும் அம்மோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது. தகட்டை அழுத்தித் தொட்டியாக வளைக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அம்மோனியா பட்டால் அந்த இடங்களில் மயிரிழை விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகப் பிளந்தது இதனால்தான். குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. நம் வீட்டுப் புளியே போதும். சிட்ரிக் அமிலம் என்றால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, 15 முதல் 20 நிமிடம். இரவு முழுக்க ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும்.

அடுத்தது, பர்னரைக் கழற்ற எடுக்கும் அவசரம். தொட்டியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினால், பர்னர் வருவதற்குப் பதில் அதைத் தாங்கும் குழாய் அடியோடு முறுக்கிக்கொள்ளும். குழாயின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனராலும் பர்னரை இன்னொன்றாலும் பிடியுங்கள். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். கேஸ் டார்ச்சைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். இணைப்பில் உள்ள ஈயப் பற்று இளகிவிடும், உள்ளே மண்ணெண்ணெய் ஆவி மிச்சமிருந்தால் வெடிக்கும். திரும்பப் பூட்டும்போது பழைய ஈய வாஷரைப் போடாதீர்கள், புதிது வேண்டும். அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதும் தவறு: 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கும், சூடு கூடக் கூட நச்சுப்புகை விடும்.

பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லையா? பம்ப் மாற்ற வேண்டியதில்லை. தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். மெஷின் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்து, கிண்ணம் போன்ற அதன் வாய் தொட்டிப் பக்கம் இருக்கும்படி போடுங்கள். கைப்பிடி தானாக மேலே எழும்பினாலோ, பம்ப் குழாய்க்குள் மண்ணெண்ணெய் வந்தாலோ, குழாயின் அடியில் உள்ள வால்வின் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கென்றே உள்ள சாவியால் மட்டும் கழற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வெட்டுகள் தேய்ந்து பிறகு எதுவும் பிடிக்காது. நைட்ரைல் அல்லது வைட்டான் ரப்பர் போடுங்கள். சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதிவிடும்.

கசிவுச் சோதனையை எல்லாம் பூட்டிய பிறகு, வெறும் தொட்டியில் செய்யுங்கள். கைப்பம்பால் பத்து முறை அடித்து நீரில் அமிழ்த்தி, விளிம்பு மடிப்பு, எண்ணெய் மூடி, குழாயின் அடி ஆகிய இடங்களில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நிப்பிள் (பர்னரில் எண்ணெய் ஆவி வெளிவரும் நுண்துளைத் திருகு) வழியாகக் காற்று போவது இயல்புதான். கம்ப்ரஸர் வேண்டாம், பழைய பற்று அதைத் தாங்காது.

பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சூடேறும் பர்னர் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது, அழுத்தம் மிகுந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்வு இதில் இல்லை. மண்ணெண்ணெயைத் துணியில் வடிகட்டித் தொட்டியின் முக்கால் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

பற்றவைக்கும்போது ஸ்பிரிட்டைக் குறைத்து ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பர்னரைச் சூடாக்க அதன் அடியில் உள்ள கிண்ணம் நிறைய ஊற்றி, தொட்டியின் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் திருகைத் திறந்து வைத்துப் பற்றவையுங்கள். ஸ்பிரிட் அணையப்போகும் நேரத்தில் திருகை மூடி, மெதுவாக மூன்று நான்கு பம்ப். மஞ்சள் சுடர் மேலெழும்பினால் உடனே திருகைத் திறந்துவிடுங்கள். பர்னருக்குள் எண்ணெய் இன்னும் ஆவியாகவில்லை.

நன்றாகச் சூடான பிறகும் சுடர் மஞ்சளாக, புகையோடு எரிந்தால் நிப்பிள் துளையைச் சந்தேகப்படுங்கள். அது சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். தையல் ஊசியோ குண்டூசியோ விட்டுக் குத்தியிருந்தால் துளை விரிந்திருக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அடுப்பின் அளவுக்கான புது நிப்பிள் வாங்கிப் போட்டு, இனி அதற்கென்று விற்கும் ஸ்டவ் பின்னையே பயன்படுத்துங்கள்.