அடுக்குமாடி வீடு மாறப் போகிறீர்களா? பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான்

சாமான் ஏற்றி இறக்கும் எந்த நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பெட்ரூம் வீடு?" என்பதுதான். "ரெண்டு" என்று சொன்ன மறுநிமிடமே ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். முதல் தடவை நான் அதை நம்பித்தான் சரி என்றேன்.

மாறுகிற நாளில் லாரி கட்டட வாசல்வரை வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மூன்று கதவு பீரோ லிஃப்டுக்குள் நுழையவில்லை. ஏழாவது மாடியிலிருந்து படி வழியாக இறக்கினார்கள். சாயங்காலம் பில்லில் தூரத்துக்கு ஒரு கூலி, படிக்கு ஒரு கூலி, லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்துக்கு ஒரு கூலி. ஃபோனில் சொன்ன தொகையைப்போல ஒன்றரை மடங்கு. என் சாமான் மொத்தமும் அவர்கள் லாரியில் ஏறியிருந்தது. அதற்கு மேல் என்ன பேரம் பேசுவது? கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு மூன்று முறை வீடு மாறியிருக்கிறேன். ஒரு முறையும் இந்தக் கதை திரும்பவில்லை. காரணம் ஒன்றுதான்: வீட்டைப் பார்க்காமல் சொல்லும் விலையை நான் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. நிறுவனம் வந்து பார்க்கும்போது அதற்குக் காட்ட வேண்டியதெல்லாம் நம்மிடம் தயாராக இருக்க வேண்டும். அதனால் முதல் இரண்டு படிகளில் நிறுவனமே வராது.

படி 1: சாமானை எண்ணுங்கள்

நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். கட்டில், மேஜை, சோபா எல்லாம் கண்ணில் படும், எழுதிவிடுவீர்கள். விட்டுப்போவது கண்ணில் படாதவைதான். பரண் மேல் இருப்பது, கட்டிலுக்கு அடியில் தள்ளியது, பால்கனித் தொட்டிகள், பார்க்கிங் மூலையில் நிற்கும் சைக்கிள். அலமாரிகளைத் திறந்து பாருங்கள். ஒரு அலமாரித் துணிக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்பது கதவைத் திறந்தால்தான் தெரியும்.

லாரியின் அளவைத் தீர்மானிப்பது சாமான் அடைக்கும் இடம். அதை நீங்களே ஓரளவு கணக்குப் போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கினால் கன மீட்டர். 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் ஆழம், 85 சென்டிமீட்டர் உயரமுள்ள சோபா 1.5 கன மீட்டர் பிடிக்கும். 70-க்கு 70 சென்டிமீட்டர், 180 உயரமுள்ள ஃப்ரிட்ஜ் 0.9 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 11 பெட்டி. துல்லியமாக வர வேண்டியதில்லை. மொத்தச் சாமானும் 12 கன மீட்டர் என்று ஒரு நிறுவனமும் 20 என்று இன்னொன்றும் சொல்லும்போது யார் சரியாகப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும். லாரி சின்னதாகிவிட்டால் இரண்டாவது நடை. அதற்கும் காசு நம்முடையதுதான்.

படி 2: இரண்டு கட்டடங்களையும் அளந்துகொள்ளுங்கள்

தனி வீட்டில் இந்த வேலை அவ்வளவாக இல்லை. அடுக்குமாடியில் பாதிச் செலவு இங்கேதான் முடிவாகிறது. டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே உயரம், ஆழம். சோபாவை நிறுத்தி வைத்தால் உள்ளே போகுமா? படிக்கட்டு திரும்புகிற இடத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது? லாரி நிற்கக்கூடிய இடத்திலிருந்து லிஃப்ட் வரை எத்தனை அடி? தரைக்கடிப் பார்க்கிங் வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றால், நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயர வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். புது வீட்டிலும் இதையே செய்யுங்கள். கிளம்பும் கட்டடத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் இரண்டு கட்டட நிர்வாகத்திடமும் பேசுங்கள். சாமான் ஏற்ற எந்த நாள், எந்த நேரம் அனுமதி? சர்வீஸ் லிஃப்டை முன்பதிவு செய்ய முடியுமா? டெபாசிட் கட்ட வேண்டுமா? இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள். சில பெரிய கட்டடங்களில், சுவரோ லிஃப்டோ சேதமானால் ஈடு செய்யும் காப்பீட்டுச் சான்றிதழை நிறுவனம் முன்கூட்டியே கொடுத்தால்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். சிறு நிறுவனங்கள் பலவற்றிடம் அது இருக்காது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் எல்லாமே முதலிலிருந்து.

லிஃப்ட் முன்பதிவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். 60 பெட்டி, ஒரு தள்ளுவண்டியில் ஐந்து பெட்டி என்றால் 12 நடை. பெரிய சாமானுக்கு இன்னொரு 15. மொத்தம் 27 நடை. லிஃப்ட் நமக்கே என்றிருந்தால் ஒரு நடைக்கு 4 நிமிடம், ஏறக்குறைய 1 மணி 50 நிமிடத்தில் முடியும். எல்லோரும் ஏறி இறங்கும் லிஃப்ட் என்றால் 8 நிமிடம்கூட ஆகும். அப்போது 3 மணி 36 நிமிடம். அது ஒரு கட்டடத்துக்கு மட்டும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் மாத நடுவில், வார நாளாகப் பாருங்கள். மாதக் கடைசியிலும் வார இறுதியிலும் எல்லோரும் வீடு மாறுவார்கள். லாரியும் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும்.

படி 3: மூன்று நிறுவனங்களைப் பொறுக்கி எடுங்கள்

இணையத்தில் தேடுவதற்கு முன்னால் உங்கள் கட்டட செக்யூரிட்டியைக் கேளுங்கள். எத்தனையோ குடும்பங்கள் வந்து போவதைப் பார்க்கிறவர் அவர். எந்த ஆட்கள் லிஃப்ட் சுவருக்குப் போர்வை கட்டி வேலை செய்தார்கள், எந்த ஆட்கள் பெட்டியைத் தொப்பென்று போட்டார்கள் என்று சரியாகச் சொல்வார். சமீபத்தில் குடிவந்த அண்டை வீட்டாரையும் கேட்கலாம்.

இணைய விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். சாமான் உடைவது நல்ல நிறுவனத்திலும் நடக்கும். உடைந்த பிறகு ஃபோனை எடுத்தார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஃபோனில் முதலில் இதைக் கேளுங்கள்: "லாரி உங்களுடையதா? வருகிற ஆட்கள் உங்களிடம் வேலை பார்ப்பவர்களா?" இந்தத் தொழிலில் இடைத்தரகர்கள் நிறைய. விலையைப் பேசி முடித்துவிட்டு வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். அலுவலக முகவரி, பதிவு அல்லது உரிம எண் கேட்டு வாங்கி, அதை வழங்கிய அரசுத் துறையின் தளத்தில் சரிபாருங்கள். விலைப்பட்டியலில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 4: வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்

மூன்று பேரையும் நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது ஒவ்வொரு அறையையும் காட்டுங்கள். "தேவையில்லை, எங்களுக்கு அனுபவம் இருக்கு" என்கிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

வந்தவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். என் வீட்டுக்கு வந்த ஒருவர் கூடத்தில் நின்றபடியே கண்ணைச் சுழற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் விலை சொன்னார். அடுத்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே, "சார், லிஃப்டை அளந்துட்டுத்தான் மேல வந்தேன்" என்றார். பரணுக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். கட்டிலின் போல்ட்டைக் குனிந்து தடவி, "இதுக்கு ஆலன் கீ வேணும், எழுதிக்கிறேன்" என்றார். சோபாவைக் குறுக்கே அளந்துவிட்டு, "கால் நாலையும் கழற்றினா லிஃப்ட்ல போயிடும்" என்றார். அவர் சொன்ன விலை முதல் ஆளுடையதைவிட அதிகம். அவருக்கே கொடுத்தேன். மாறும் நாளில் ஆலன் கீயோடு வந்தார்கள், பில் ஒரு காசு கூடவில்லை.

வருகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள். குறைத்துக் காட்டினால் குறைந்த விலை வரும். ஆனால் அந்த விலை மாறும் நாள் வரை தாங்காது.

படி 5: விலையைப் படியுங்கள்

கட்டணம் பெரும்பாலும் மூன்று விதம். மணிக்கணக்கு, மொத்தத் தொகை, எடை அல்லது கன அளவு. தரைத்தளத்தில் ஒரு அறைச் சாமான் என்றால் மணிக்கணக்கு லாபமாக இருக்கும். உயரமான கட்டடம், பொது லிஃப்ட், நெரிசலான தெரு என்றால் மொத்தத் தொகையே நல்லது என்பது என் கருத்து. லிஃப்டும் போக்குவரத்தும் செய்யும் தாமதம் அப்போது நம் தலையில் விழாது. மணிக்கணக்குதான் என்றால், மணி எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் வாசலிலா, அவர்கள் ஷெட்டிலிருந்து லாரி கிளம்பும்போதா?

விலைப்பட்டியலில் "மதிப்பீடு" என்று இருந்தால் அது ஏறலாம் என்று அர்த்தம். "இந்தப் பட்டியலில் உள்ள சாமானுக்கு, இந்த இரண்டு முகவரிகளுக்கு, இதற்கு மேல் ஏறாது" என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டி, பபிள் ராப், கழற்றி மாட்டும் கூலி, படிக் கூலி, தூரக் கூலி, காத்திருப்பு, சுங்கம், வரி ஒவ்வொன்றும் உள்ளா வெளியா என்று கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் மூன்று விலையையும் ஒப்பிட முடியும். ஒருவர் விலை மட்டும் மற்ற இருவரைவிட ரொம்பக் கீழே இருந்தால் எதையோ விட்டிருக்கிறார். என்னவென்று கேளுங்கள்.

படி 6: உடைந்தால் யார் பொறுப்பு?

"இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்ற வாய் வார்த்தை போதாது. சில நிறுவனங்கள் எடைக் கணக்கில்தான் ஈடு தரும். ஒரு டிவியை யோசித்துப் பாருங்கள். எடை குறைவு, விலை அதிகம். எடைக்கு ஈடு வாங்கினால் புதுசின் ஒரு மூலைகூட வராது. பொருளின் மதிப்புக்கு ஈடு தரும் காப்பீடு தனியாக உண்டா, அதன் பாலிசித் தாளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பல பாலிசிகளில் ஈடு கிடையாது. அதனால் கண்ணாடிச் சாமானை அவர்கள் கையாலேயே கட்ட விடுங்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குகிறார்களா என்று பாருங்கள், அதுவே பழகிய கை.

நகை, பத்திரங்கள், பாஸ்போர்ட், மருந்து, ஹார்ட் டிஸ்க் இதெல்லாம் உங்கள் பையில், உங்களோடு.

படி 7: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

சிறு தொகை அட்வான்ஸ் கேட்பது சகஜம். பாதிக்கு மேல் கேட்டாலோ, ரொக்கம்தான் வேண்டும் என்றாலோ யோசியுங்கள். தேதி, இரண்டு முகவரி, மாடி, சாமான் பட்டியல், லாரி அளவு, ஆட்கள் எத்தனை பேர், ரத்து செய்தால் என்ன திரும்பும், இவையெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

ஃப்ரிட்ஜை நிறுத்தியேதான் கொண்டு போவீர்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், பல மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஸ்விட்ச் போடலாம். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் வேண்டும். மெஷின் வாங்கும்போது கூடவே வந்திருக்கும், தேடி எடுத்து வையுங்கள். புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி. 45 சென்டிமீட்டர் பெட்டி நிறையப் புத்தகம் போட்டால் 60 கிலோ வரை போகும். அடிப்பக்கம் கிழியும், தூக்குகிறவரின் முதுகும் போகும்.

படி 8: மாறும் நாள்

கட்டுவதற்கு முன் பெரிய சாமான்களை நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்கள். பெட்டிகளுக்கு எண் போட்டு, எந்த எண் எந்த அறை என்று எழுதுங்கள். நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் புது மேஜைக்கு நேரே "கீறல்" என்று எழுதியிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

புது வீட்டு வாசலில் ஒருவர் பட்டியலோடு நிற்க வேண்டும். எண்ணை டிக் செய்த பிறகே பெட்டி உள்ளே போகட்டும். கடைசியில் ரசீதில் கையெழுத்து கேட்பார்கள். ஆட்கள் களைத்திருப்பார்கள், நீங்களும் களைத்திருப்பீர்கள். இருந்தாலும் எண்ணிக்கை முடியாமல் போடாதீர்கள். உடைந்தது, குறைந்தது எதுவானாலும் அந்தத் தாளிலேயே எழுதி, "பெட்டிகள் இன்னும் திறந்து பார்க்கவில்லை" என்ற ஒரு வரியையும் சேர்த்து, தாளை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். புகார் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அன்று இரவே கண்ணாடிச் சாமான் பெட்டிகளை மட்டுமாவது பிரித்துப் பாருங்கள், துணிப்பெட்டிகள் காத்திருக்கட்டும்.