ரேம் கூட்டிய பிறகு கணினி இன்னும் மந்தமாகிவிட்டதா? ரேமைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

8 ஜிபி ரேம் இருந்த என் மேசைக் கணினியில் இன்னொரு 8 ஜிபி சேர்த்து 16 ஆக்கினேன். இனி பறக்கும் என்று ஆசையாக ஆன் செய்தால், ஒரு நிமிடத்துக்குள் திறந்துகொண்டிருந்த விண்டோஸ் நாலு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து நான் கிளிக் செய்ததெல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். இரண்டு நாள் ரேமையே சந்தேகப்பட்டு வீணாக்கினேன். ரேமைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை, அதை முடித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். படிகள் எல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு ரீஸ்டார்ட்

ஷட்டவுன் செய்து ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுனில் விண்டோஸ் தன் பழைய நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். புது ரேம் போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது மதர்போர்டு அதைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். டிடிஆர்5 (புதிய தலைமுறை ரேம்) என்றால் சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி.

மொத்த அளவு பழையதாகவே இருந்தால் புது ரேம் சரியாக உட்காரவில்லை. சில போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கொக்கி இருக்கும். அந்தப் பக்கம் 'டிக்' என்றதும் முடிந்தது என்று விட்டுவிடுவோம், மறுமுனை தூக்கிக்கொண்டிருக்கும். இரண்டு முனையையும் அழுத்துங்கள். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால், எவ்வளவு போட்டாலும் 4 ஜிபியைத் தாண்டாது.

அதே பக்கத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' (விண்டோஸுக்குக் கிடைக்காமல் வன்பொருளுக்கு ஒதுக்கிய ரேம்) என்று ஒரு எண் இருக்கும். சில நூறு எம்பி இருந்தால் சரி; போர்டிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அது இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பல ஜிபி அங்கே முடங்கிக் கிடந்தால், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியைத் திறந்து பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்சிமம் மெமரிக்கு எதிரே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதே பக்கத்தில் ஸ்பீடு என்று காட்டும் ரேமின் வேகம்: பழையது 2400, புதியது 3200 என்றால் இரண்டும் 2400-இல்தான் ஓடும். இது குறை இல்லை, முன்பு ஓடிய வேகம்தான். இரண்டுமே புது 3200 ஆக இருந்தும் 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு, ஆன் ஆகவில்லை. ஆனால் மந்தம் தீரும்வரை அதைத் தொடாதீர்கள் என்பேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்றே தெரியாது.

நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்களில் போட வேண்டும் (போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்). பக்கத்துப் பக்கத்தில் போட்டால் டூயல் சேனல் (இரண்டு ரேமும் தனித்தனி வழியில் ஒரே நேரத்தில் தரவு அனுப்புவது) கிடைக்காமல் போகலாம். 3200 ரேமுக்கு ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் விளையாட்டுகளில் நன்றாகவே தெரியும். சிபியு-இசட் என்ற இலவசக் கருவியின் மெமரி பக்கத்தில் சேனலைப் பார்க்கலாம்.

அப்புறம், 'முன்பு 4 ஜிபி எடுத்தது, இப்போது 7 எடுக்கிறதே' என்று கவலைப்படாதீர்கள். இடம் இருந்தால் விண்டோஸ் பயன்படுத்திக்கொள்ளும், அதற்குத்தானே வாங்கினோம்? ரேம் கிளீனர் என்று விற்கும் மென்பொருள் எதையும் தொடாதீர்கள். வேலைக்கு ஆகிற தரவை வெளியே தள்ளிவிட்டு, திரும்ப டிஸ்க்கிலிருந்து எடுக்கவைக்கும்.

நான் சறுக்கிய இடம்

மேலே சொன்ன எல்லாம் எனக்குச் சரியாகவே இருந்தது. அடுத்து, புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து ஓட்டினேன். மந்தம் அப்படியே இருந்தது. ஆக ரேம் நிரபராதி என்று புரிந்துகொள்ள வேண்டியவன், 'ஐயோ, பழையதையும் கெடுத்துவிட்டேன்' என்று முடிவுகட்டி, ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 கருவியை இரவு முழுக்க ஓட்டினேன். விடிந்து பார்த்தால் பிழை பூஜ்ஜியம்.

இரண்டு நாளும் நான் பார்க்காதது, மெமரிக்குக் கீழேயே இருந்த டிஸ்க் வரைபடம். அது 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. நிறைய வேலை செய்து 100-ஐத் தொட்டால் அது உழைப்பு. வேலையே நடக்காமல் 100-இல் நின்றால் எங்கோ அடைப்பு.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியை நிறுவிப் பட்டியலில் சி7 என்ற வரியைத் தேடுங்கள். அல்ட்ராடிஎம்ஏ சிஆர்சி பிழை எண்ணிக்கை அது, அதாவது கேபிளில் வரும்போது தரவு எத்தனை தடவை கெட்டது என்பது. எனக்கு 1ஏ4 என்று காட்டியது. எண்ணுக்கு நடுவே எழுத்து எப்படி வந்தது என்று விழித்தேன். அது பதினறும முறை, நம் கணக்கில் 420. ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய் 10 டெசிமல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த எண் ஒருபோதும் குறையாது, எப்போதோ ஏறியதும் சேர்ந்தே இருக்கும். ஆகவே எண்ணைக் குறித்துவைத்து, பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். எனக்கு 420 என்பது 473 ஆகியிருந்தது. மேலே டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா இணைப்பின் வேகம் இருக்கும், அது சாட்டா/600-க்குப் பதில் சாட்டா/150 என்றிருந்தது.

நடந்தது இதுதான்: டிஸ்க்கின் சாட்டா கேபிள் ரேம் ஸ்லாட்டுக்குக் குறுக்கே போகிறது. கொக்கியைத் திறக்க அதை விரலால் ஒதுக்கினேன். அது பூட்டு இல்லாத பழைய கேபிள். முழுசாகக் கழன்றிருந்தால் டிஸ்க்கே தெரிந்திருக்காது, அன்றே கண்டுபிடித்திருப்பேன். அரைகுறையாகத் தளர்ந்ததுதான் வினை. கேபிளில் வரும் ஒவ்வொரு துண்டுத் தரவோடும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். பொருந்தாவிட்டால் அதே துண்டை மறுபடி அனுப்ப வேண்டும். இது அடிக்கடி நடந்தால் இணைப்பின் வேகமே குறைக்கப்பட்டுவிடும்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். கேபிளின் இரு முனையையும் எடுத்துத் திரும்பச் செருகுங்கள். நான் உலோகப் பூட்டு உள்ள புது கேபிளே போட்டுவிட்டேன், அதையே உங்களுக்கும் சொல்வேன். 473 அங்கேயே நின்றுவிட்டது. விண்டோஸ் பழையபடி திறந்தது.

எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் டிஸ்க்) வைத்திருப்பவர்களுக்குக் கேபிள் கிடையாது, இந்தக் கதை பொருந்தாது. நீங்கள் சிபியு வரைபடத்தைப் பாருங்கள். வேலை கொடுத்தும் வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கிடந்தால் விசிறிக்குள் ஏதாவது ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், சூடு ஏறினால் பிராசஸர் தானே தன்னைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் என்றால் கழற்றிய பேட்டரி இணைப்பு சரியாக உட்கார்ந்ததா, சார்ஜரை அது அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள்.

மெம்டெஸ்ட் கடைசியில்தான். கெட்ட ரேம் பெரும்பாலும் நீலத் திரையும் திடீர் ரீஸ்டார்ட்டும் தரும், வெறும் மந்தத்தைத் தருவது அபூர்வம்.

பின்னர் சேர்த்தது

சிறிய எஸ்எஸ்டியில் 8 ஜிபியை 32 ஆக்கிய ஒருவருக்கு சி டிரைவ் நிரம்பிவிட்டது. ஹைபர்னேஷன் கோப்பு (அணையும் முன் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைக்கும் இடம்) வழக்கமாக ரேமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும், 3.2 ஜிபி இருந்தது 12.8 ஆகியிருக்கிறது. எஸ்எஸ்டியில் காலி இடம் தீர்ந்தால் எழுதும் வேகம் படுத்துவிடும். கண்ட்ரோல் பேனலில் ஹைபர்னேட்டுக்கான டிக்கை எடுத்தாலும் கோப்பு போகாது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஹைபர்னேட் ஆஃப் (powercfg /hibernate off) என்று கொடுத்தால்தான் போகும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே போய்விடும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இன்னொன்று

பழைய போர்டில் லினக்ஸ் ஓட்டும் ஒருவர், ரேமைக் கூட்டியதும் விசை அழுத்தினால்கூடத் தாமதமாகிறது, பாதியைக் கழற்றினால் சரியாகிறது என்று எழுதியிருந்தார். ரேமின் எந்தப் பகுதியை கேஷில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) வைக்கலாம் என்று பிராசஸருக்குச் சொல்வது பயாஸ். சில பழைய பயாஸ்கள் மேல்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடும். அங்கே விழுந்த நிரல் ஒவ்வொரு பைட்டுக்கும் ரேம்வரை நடந்து போய்வர வேண்டும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவில் எம்டிஆர்ஆர், அதாவது பயாஸ் நிரப்பும் அந்தப் பட்டியல், பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், இருந்தது. பயாஸைப் புதுப்பித்து மொத்த ரேமையும் திரும்பப் போட்டுவிட்டார்.