போர்ல உயிரைக் கொடுத்த ஒரு வீரரைப் பத்தி எழுதப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க

ஸ்கூல் விழா பேச்சோ, குடும்பத்துக்குள்ள வச்சுக்குற குறிப்போ, எதுவா இருந்தாலும் "தாய்நாட்டுக்காக இன்னுயிர் ஈந்தார்"னு முதல் வரியை ஆரம்பிக்காதீங்க, அதை யாருக்கு வேணும்னாலும் ஒட்டிடலாம். அந்த நிமிஷம் அவரு என்ன செஞ்சாரு, பக்கத்துல யாரு இருந்தாங்க, இந்த ரெண்டும் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல விருது அறிவிப்பைத் தேடுங்க. பிரிட்டிஷ் காலத்து வீரர்னா லண்டன் கெசட் (பிரிட்டிஷ் அரசிதழ்) ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்கும், சுதந்திரத்துக்கு அப்புறம்னா பாதுகாப்பு அமைச்சகத்தோட வீர விருதுகள் தளத்துல பாருங்க. சில கெசட் அறிவிப்புல ஒரே வரிதான் இருக்கும், அப்போ ரெஜிமென்ட் வரலாறு, யூனிட்டோட வார் டைரி (போர்ல தினமும் நடந்ததை எழுதி வச்ச பதிவு)ன்னு தேடிப் போகணும்.

உதாரணத்துக்கு மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவப் பொறியாளர் படையில இருந்த சுபேதார் சுப்ரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலில மிக்னானோ பக்கம் கண்ணிவெடி தேடுற வேலை. ஒரு வெடி தூண்டப்பட்டுடுச்சு, கூட இருந்தவங்களைக் காப்பாத்த அது மேலயே விழுந்து உயிரை விட்டாரு, ஜார்ஜ் கிராஸ்ங்கிற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தாங்க. இதை அப்படியே எழுதினா ரெண்டு வரில முடிஞ்சுடும், அதனால ஆயுதத்தைப் பத்தியும் படிங்க. அந்தக் காலத்து ஜெர்மன் கண்ணிவெடியான எஸ்-மைன் மிதிச்ச உடனே சிதறாது, சில செகண்ட் கழிச்சு மண்ணுலேர்ந்து மேல எகிறி, கிட்டத்தட்ட இடுப்பு உயரத்துல வெடிச்சு, இரும்புக் குண்டுகளை நாலா பக்கமும் அடிக்கும். இந்த மாதிரி வெடிங்க புதைஞ்சிருக்குற மண்ணுலதான் சாப்பர்ஸ் வேலைன்னு தெரிஞ்சாலே, அந்தச் சில செகண்டுக்குள்ள ஒருத்தர் எடுக்குற முடிவு எவ்ளோ பெருசுன்னு படிக்கிறவனுக்குப் புரிஞ்சுடும், நீங்க அடைமொழி எதுவும் போட வேண்டாம்.

விருதை வச்சு வீரத்தை அளக்காதீங்க. எதிரிக்கு நேருக்கு நேரா நின்னு செஞ்சதுக்குத்தான் விக்டோரியா கிராஸ், மத்த வீரத்துக்கு 1940ல வந்தது ஜார்ஜ் கிராஸ். இன்னொண்ணு, அந்தக் காலத்துல இறந்தவருக்குப் பெரும்பாலான ராணுவ விருதுகளைக் கொடுக்கவே மாட்டாங்க, அதனால பெரிய காரியம் செஞ்சு செத்தவங்க நிறைய பேருக்கு "மென்ஷன் இன் டிஸ்பேட்சஸ்" (தளபதியோட அறிக்கையில பேரைக் குறிப்பிடுறது) மட்டும்தான் கிடைச்சுது, அதைப் பார்த்துட்டு "அவ்ளோதானா"ன்னு விட்டுடாதீங்க.

பேரு தேடுறதுதான் தலைவலி. போர்ல இறந்தவங்களோட கல்லறைகளையும் பேர்களையும் பாத்துக்குற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் தளத்துல நம்ம ஆளுங்களுக்கு பெரும்பாலும் ஒத்தப் பேருதான், ஸ்பெல்லிங்கும் இஷ்டத்துக்கு இருக்கும், அதனால ரெஜிமென்ட், இறந்த தேதி வச்சுத் தேடுங்க. ரெண்டாம் உலகப் போர்னா 1939 செப்டம்பர் 3லேர்ந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும் இறந்தவங்கதான் அதுல வருவாங்க. கல்லறை இல்லையேன்னு குழம்ப வேண்டாம், தகனம் செஞ்ச இந்து, சீக்கிய வீரர்களோட பேரு தனி நினைவுச் சின்னத்துல இருக்கும், இத்தாலில சாங்ரோ ஆத்துப் பக்கம் அப்படி ஒண்ணு இருக்கு.

கடைசி வார்த்தையை மட்டும் நீங்களா எழுதிடாதீங்க. சாட்சி சொன்னது பதிவுல இருந்தா போடுங்க, இல்லேன்னா அந்த இடத்துல பொழைச்சவங்களைப் பத்தி எழுதுங்க, எத்தனை பேரு, என்ன வேலையில இருந்தாங்க, அப்புறம் என்ன ஆனாங்கன்னு. குடும்பத்துல யாராச்சும் இருந்தா, வெளியில காட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க, தேதியும் ரேங்க்கும் பெரும்பாலும் அவங்கதான் திருத்துவாங்க.