எந்த ஆசிட்? சாயப்பட்டறையில் ரசாயன ஆபத்தை எடுத்துச் சொல்லும் முறை

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்ற முதல் வாரம். தாகம். மேசைமேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகி வாயருகே கொண்டு போனபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. அசிட்டிக் ஆசிட். கறார் அளவுக்காக யாரோ கேனிலிருந்து ஊற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஆசிட்டின் ஆபத்தைச் சொல்லும் தாள் அலுவலக அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது: ஆங்கிலத்தில், பல பக்கங்களில், பூட்டுக்குள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அலமாரியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன்.

முதல் படி: எடை போடுபவரோடு ஒரு சுற்று

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ரசாயனம் எடை போடும் தொழிலாளியோடு ஸ்டோரிலிருந்து இயந்திரம் வரை நடந்து போங்கள். அவர் வாயில் வரும் பெயரையே எழுதுங்கள். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஹைட்ரோஸ்தான். சோடியம் ஹைட்ராக்சைடு என்பது காஸ்டிக். பேரல், கேன், மூட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். வாளி, குவளை, பாட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆசிட்" என்ற சொல் வந்தால் நின்று கேளுங்கள்: எந்த ஆசிட்? சாய இயந்திரத்தருகே அது அசிட்டிக். அதே வளாகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கம் போனால் ஹைட்ரோகுளோரிக்காக இருக்கலாம். இங்கிருந்து அங்கே உதவிக்குப் போகிறவரிடம் "ஆசிட் எடுத்து வா" என்றால் எதை எடுப்பார்?

இரண்டாம் படி: பதினாறில் ஆறு

விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எம்எஸ்டிஎஸ் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். இப்போதைய பெயர் எஸ்டிஎஸ். ரசாயன ஆபத்தை வகைப்படுத்தி லேபிள் இட ஐக்கிய நாடுகள் சபை வகுத்த ஜிஎச்எஸ் முறைப்படி அதில் 16 பகுதிகள் இருக்கும். தொடக்கத்தில் ஆறு போதும்: 2 ஆபத்து, 4 முதலுதவி, 6 சிந்தினால் செய்ய வேண்டியது, 7 கையாளுதலும் சேமிப்பும், 8 பாதுகாப்புக் கவசம், 10 எதோடு சேரக்கூடாது.

இந்தப் பத்தாவது பகுதியைப் பலரும் புரட்டாமலே விடுகிறார்கள். சாயப்பட்டறையில் உயிரோடு விளையாடுவது அதுதான். ஹைட்ரோஸுக்கு ஈரமும் அமிலமும் பெராக்சைடும் (ஹைட்ரஜன் பெராக்சைடு) ஆகாது. பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். இதைப் படித்துவிட்டு ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

மூன்றாம் படி: ஒரு பக்க அட்டை

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரே பக்கம், தமிழில். தாளை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள்; "சுவாசப் பாதையில் எரிச்சலை உண்டாக்கக்கூடும்" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஹைட்ரோஸுக்கு நான் எழுதி வைத்தது இது:

"ஹைட்ரோஸ். அபாயம். ஈரம் பட்டால் சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். காய்ந்த அள்ளுகரண்டியால் மட்டும் அள்ளு. எடுத்தவுடன் பேரலை இறுக மூடு. தீக்குச்சி கொளுத்திய வாடை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே போ, மேஸ்திரியைக் கூப்பிடு. பெராக்சைடு, ஆசிட் பக்கத்தில் வைக்காதே."

அந்த வாடை கந்தக டை ஆக்சைடு. அட்டையில் அந்தப் பெயர் தேவையில்லை, வாடைதான் தேவை.

காஸ்டிக் அட்டையின் முதல் வரி: "தண்ணீரில் காஸ்டிக்கைப் போடு, காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றாதே." கரையும்போது எழும் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும்.

நான்காம் படி: வாளிக்கும் பெயர்

கம்பெனியிலிருந்து வரும் கேனில் லேபிள் இருக்கும். அதிலிருந்து ஊற்றிய வாளியில் இருக்காது. என் பாட்டில் கதை அங்கேதான் நடந்தது. வாளியில் பெயர், "அபாயம்" அல்லது "எச்சரிக்கை" என்ற சொல், படம், ஒரு வரி. இவ்வளவு போதும். அவ்விரண்டு சொற்களில் அபாயம்தான் கடுமையானது. காகித லேபிள் நீராவியில் ஒரு ஷிப்டுகூடத் தாங்காது, பெயிண்டில் எழுதுங்கள். ஒரு வாளிக்கு ஒரே ரசாயனம். தண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றக்கூடாது என்பதில் மட்டும் நான் யாருக்கும் தயவு காட்டுவதில்லை.

ஐந்தாம் படி: படத்தைக் காட்டிக் கேளுங்கள்

சிவப்பு விளிம்புக்குள் கறுப்பு உருவம் கொண்ட ஜிஎச்எஸ் படங்கள் மொத்தம் ஒன்பது. பார்த்தாலே புரியும் என்று நம்பித்தான் நானும் ஒட்டினேன். கையின்மேல் திரவம் சொட்டும் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டேன். "கை கழுவச் சொல்றாங்க சார்" என்றார் ஒருவர். அது தோலை அரிக்கும் என்பதற்கான படம். நஞ்சைக் குறிக்கும் மண்டையோட்டைப் பார்த்ததும் இன்னொருவர் கரண்ட் என்றார். டிரான்ஸ்பார்மரில் காலமெல்லாம் பார்த்தது அதுதானே! அவர் மேல் தவறில்லை. வெறும் தீச்சுவாலை என்றால் எரியும் பொருள்; வட்டத்தின்மேல் சுவாலை என்றால் மற்றதை எரியத் தூண்டும் பொருள். பெராக்சைடு கேனில் இருப்பது இரண்டாவது. இந்த வேறுபாட்டை மட்டும் தனியாக ஒரு நாள் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பேசுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்

ஷிப்டு தொடங்கும்போது ஐந்து நிமிடம், ஒரே ஒரு ரசாயனம். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் தமிழ் அட்டை அவர்களுக்கு வெறும் அலங்காரம். அவர்களில் ஒருவரை அழைத்து, அவர் மொழியில் சொல்ல வைத்து, அட்டையிலும் அந்த எழுத்தைச் சேருங்கள். "புரிந்ததா" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். "கண்ணில் காஸ்டிக் தெறித்துவிட்டது, இப்போது என்ன செய்வாய்?" என்று கேளுங்கள்.

பதில் சொன்னவரை நான் கண்ணை மூடச் சொல்லி, அவரது இயந்திரத்திலிருந்து கண் கழுவும் குழாய் வரை நடக்கச் சொல்வேன், பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு நிறுத்திவிட்டு. முதல் தடவை ஒருவர் துணி டிராலியில் முட்டி நின்றார். வழியை அடைத்துக்கொண்டு டிராலி நின்றது அன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதையும் கடிகாரத்தை வைத்துக் காட்டுங்கள். பலரும் இரண்டு நிமிடத்தில் போதும் என்று கையை எடுத்துவிடுகிறார்கள்.

முதலாளி இதெல்லாம் எதற்கு என்றால், 1984 போபாலுக்குப் பிறகு 1987இல் அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது) சேர்க்கப்பட்ட 41பி, 111ஏ பிரிவுகளை எடுத்துக் காட்டுங்கள். ஆபத்தைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது இவற்றில் முதலாவது. கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தொழிலாளியின் உரிமையாக்கியது இரண்டாவது.

அட்டையில் தேதி போட மறக்க வேண்டாம். பெராக்சைடு 35 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு மாறும்; கேன் பார்க்க அப்படியே இருக்கும். ஆகவே ஸ்டோர்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன்: புதுச் சரக்கோ, புது விற்பனையாளரோ, மாறிய சதவீதமோ, தாள் கைக்கு வராமல் லாரிக்காரரின் சலானில் கையெழுத்து கிடையாது.