குழந்தைக் குயில்ட்டுக்கு உள்ளே எதை வைப்பது, ஓரத்தை எதால் முடிப்பது

குயில்ட் என்றால் மேல் துணி, நடுவில் பஞ்சு, பின்பக்கத் துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. மேல் துணியைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் யோசனை சொல்ல வேண்டியதில்லை, முயலும் யானையும் போட்ட காட்டன் துணியைக் கண்டால் கை தானாகப் போய்விடும். தலைவலி எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நடு அடுக்கில்தான். குழந்தை அதன் மேல் பால் கக்கும், ஈரம் பண்ணும், தவழ ஆரம்பித்ததும் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகும், ஆகவே அது வாரம் தவறாமல் வாஷிங் மெஷினுக்குள் போய் வரும். உள்ளே வைக்கிற பஞ்சு, பின்பக்கத் துணி, ஓரப்பட்டி, நூல் எதை எடுத்தாலும் "துவைத்தால் தாங்குமா" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது குயில்ட் போர்த்தக் கூடாது, தொட்டிலுக்குள் போட்டும் வைக்கக் கூடாது. மூக்கை மூடினால் விலக்கத் தெரியாது என்பதால் குழந்தை மருத்துவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அதுவரை தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட வைக்கலாம். அப்படிப் பார்த்தால் புசுபுசுவென்று மெத்தை மாதிரி தடிமனே தேவையில்லை.

வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் "இலவம்பஞ்சு வச்சுத் தை, சூடு எடுக்காது" என்பார்கள். தலையணைக்கு அது சரி. குயில்ட்டுக்கு வேண்டாம். இலவம்பஞ்சு இழை வழவழவென்று மெழுகுப் பூச்சோடு இருக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது, அதனால் தையல் துளை வழியாக வெளியே பறக்கும், நனைந்தால் ஒரு மூலையில் போய்க் கட்டியாகிவிடும். மெத்தைக் கடையில் கிடைக்கும் உதிரிப் பருத்திப் பஞ்சும் அப்படித்தான். வடக்கே ரஜாய் என்கிற தடிமனான குளிர்காலப் போர்வைக்குள் அதைத்தான் வைக்கிறார்கள், ஆனால் ரஜாயை அவர்கள் அடிக்கடி துவைப்பதில்லை, உறை போட்டு வெயிலில் காயவைப்பார்கள், பஞ்சு கட்டிக்கொண்டால் பிரித்து அடித்து மறுபடி நிரப்புவார்கள்.

நமக்கு வேண்டியது ஷீட்டாக வரும் பஞ்சு. கடைகளில் எளிதாகக் கிடைப்பது பாலியஸ்டர் ஷீட், பல கடைகளில் ரெக்ரான் ஷீட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். விலை குறைவு, மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் வேர்வையை உறிஞ்சாது, சென்னை மே மாதத்தில் அதன் மேல் படுத்த குழந்தையின் முதுகு நனைந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் தாராளமாக வாங்கலாம், 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) போதும், 200 என்றால் மெஷின் பாதத்துக்கடியில் நுழைப்பதே பெரும்பாடு. வாங்கும்போது உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள்: மொறமொறவென்று சத்தம் வந்தால் பசை அதிகம் என்று அர்த்தம், மேல்பக்கம் விரலால் தேய்த்ததும் இழை இழையாகக் கையோடு வந்தால் தைத்த பிறகும் துணியைத் தாண்டி வெளியே வரும். கருநீலத் துணியில் அந்த வெள்ளை இழைகள் அசிங்கமாகத் தெரியும்.

வெயில் ஊருக்குப் பருத்தி ஷீட்தான் நல்லது. கொஞ்சம் கனம், காய நேரமாகும், முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 45 அங்குல நீளத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலம் போய்விடும். அந்தச் சுருக்கத்தில் மேல் துணி லேசாகக் குழைந்து பழைய குயில்ட் போல ஆவது பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பாக்கெட்டில் இரண்டு தையல் வரிகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் விடலாம் என்று போட்டிருப்பார்கள், அதை அவசியம் படியுங்கள். நடுவே மெல்லிய வலை வைத்து ஊசியால் குத்தி இறுக்கிய ஷீட் என்றால் 8, 10 அங்குலம் கூட விடலாம், வலை இல்லாததற்கு 3, 4 அங்குலத்துக்குள் தைத்தால்தான் உள்ளே நகராது. நான் எதை வாங்கினாலும் 4 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. 80 சதவீதம் பருத்தி, 20 பாலியஸ்டர் கலந்ததும் கிடைக்கிறது, கனமும் சுருக்கமும் குறையும். மூங்கில் ஷீட் மெத்தென்று இருக்கும், விலைதான் உறுத்தும். கம்பளி இழை ஷீட் கனடாவில் இருக்கும் தங்கை குழந்தைக்கு அனுப்புவதாக இருந்தால் யோசிக்கலாம்.

ஷீட்டே கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது, பழைய புடவை வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுவிடுவார்கள். அதேபோல் துவைத்துத் துவைத்து மெலிந்த காட்டன் புடவையை இரண்டு மூன்று மடிப்பாகவோ, ஒரு அடுக்கு ஃபிளானலாகவோ (மெத்தென்ற பஞ்சுபோன்ற மேற்பரப்புள்ள துணி) நடுவில் வைத்தால் மதுரை, திருச்சி வெயிலுக்கு அதைவிடப் பொருத்தம் எதுவுமில்லை. ஜரிகை பார்டரை வெட்டிவிடுங்கள், குத்தும். பாச்சை உருண்டை போட்டு வருஷக்கணக்கில் பீரோவில் இருந்த புடவை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எந்தக் குழந்தைக்குக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.

பின்பக்கத்துக்கு கேம்பிரிக் (நெருக்கமாக நெய்த மெல்லிய காட்டன்), இரட்டை மல் (இரண்டு அடுக்கு மல் துணி), ஃபிளானல் மூன்றில் எது கிடைத்தாலும் சரி. ஃபிளானல் மற்றதைவிட அதிகமாகச் சுருங்கும், வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். மிங்க்கி என்கிற புசுபுசுத் துணி கையில் தொட சுகம்தான், ஆனால் அது முழு பாலியஸ்டர், தைக்கும்போது இழுபடவும் செய்யும். குயில்ட்டின் அகலத்தை 36 அங்குலமாக வைத்துக்கொண்டால் 44 அங்குலத் துணி ஒட்டுப்போடாமல் பின்பக்கத்துக்குப் போதும், சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாகவும் விடலாம். சிவப்பு, மெரூன், கருநீலத் துணி என்றால் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துணியைக் குயில்ட்டில் சேர்க்காதீர்கள்.

ஓரப்பட்டிக்கு சாட்டின் ரிப்பன் வாங்காதீர்கள். பளபளப்பு நாலு துவைப்பில் போய் இழை பிரியும், பிரிந்த இழை பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். மேல் துணியிலேயே இரண்டரை அங்குலப் பட்டி வெட்டி நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தையுங்கள், ஓரத்தில் இரண்டு அடுக்கு இருப்பதால் குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் சீக்கிரம் தேயாது. மூலைகள் நேராக இருந்தால் நேர் வெட்டே போதும், கிராஸ் பீஸ், அதாவது குறுக்காக வெட்டிய பட்டி, வளைந்த மூலைக்குத்தான் தேவை. 36க்கு 45 அளவுக்குச் சுற்றளவு 162 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 174, அதற்கு ஐந்து பட்டி வேண்டும், அரை மீட்டர் துணி தாராளம். பட்டியைப் பின்பக்கம் மடித்துக் கையால் ஹெம்மிங் பண்ணுவது அழகு, மெஷினில் அடிப்பது உறுதி. குழந்தைக்கு என்றால் நான் மெஷின் பக்கம்.

நூல் நல்ல காட்டனோ பாலியஸ்டரோ இருக்கலாம். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய நூல்கண்டை எடுத்தால் முதலில் இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் அதைத் தற்காலிகத் தையலுக்கு வைத்துக்கொள்ளலாம். பொத்தான், மணி, பாம்பாம், லேஸ் எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போடும் வயசு. பெயர் போட்ட லேபிள் வைக்க ஆசையென்றால் காட்டன் நாடாவில் எழுதி நாலு பக்கமும் அடித்துவிடுங்கள், அதிலேயே "குளிர்ந்த தண்ணீர், நிழலில் காயவைக்கவும்" என்றும் எழுதிவிட்டால் வாங்கிக்கொள்பவர்கள் போன் பண்ணிக் கேட்க வேண்டியிருக்காது.