12-வது நிமிடத்தைத் தாண்ட வைத்த பாட்டு

டிரெட்மில்லில் 12-வது நிமிடம் வந்தாலே கை தானாக ஸ்டாப் பட்டனுக்குப் போய்விடும். பாட்டு கேட்டுக்கொண்டுதான் ஓடினேன். ஆனால் குத்துப்பாட்டு முடிந்ததும் தாலாட்டு மாதிரி ஒன்று வரும், கால் தடுமாறிவிடும்.

ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் 15 நொடி தாளம் தட்டி எண்ணி, நான்கால் பெருக்கினேன். (மேசையைத் தட்டியே வீட்டில் எல்லோரையும் கடுப்பேற்றினேன்.) நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு வரை வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். உடற்பயிற்சியும் இசையும் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் சொல்வதும் ஏறக்குறைய இந்த வேகத்தைத்தான். மெதுவானவை கடைசியில், மூச்சு ஆற.

இப்போது கால் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. 25 நிமிடம் ஓடுகிறேன். வேகத்தை ரொம்பக் கூட்டினால் மட்டும் எந்தப் பாட்டும் எடுபடுவதில்லை. நெஞ்சு அடிப்பதுதான் காதில் கேட்கிறது.